இல்லை சொல்லத் தெரியாத சில்லு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து, சாய்ந்த சுவரும் சேர்ந்து குலுங்குகிற சிரிப்பு. ஆனால் அதை இப்போதே எடுத்து நீட்டுவதாக இல்லை. அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரியான பூங்கோதையே அதற்காக ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்துக் கிடந்தாள், நீங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் குறைந்தா போய்விடுவீர்கள்? கதைக்குள்ளே வேலுச்சாமி கடையில் டீ ஊற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்து உட்காருங்கள். அது ஏன் ஊற்றிக்கொண்டே இருக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

பூங்கோதைக்குப் பதினாறு வயசு. அப்பா இல்லை, அம்மா பஞ்சவர்ணம் திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கிறாள், வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு மட்டும் வருவாள். பிள்ளை கரியேந்தலில் சித்தி வீட்டில் இருந்து படித்தது, படித்தது என்றால் பள்ளிக்கூடம் போய் வந்தது, மற்ற நேரமெல்லாம் ஊர்க்குரல்களைப் படித்தது. ரேஷன் கடைக்காரர் 'பாமாயில் நாளைக்குத்தான்' என்று இழுப்பதும், ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும் நர்ஸம்மா மூக்கால் அதட்டுவதும், டவுன் பஸ் கண்டக்டர் 'உள்ள போ, உள்ள போ, உள்ள என்ன புலியா இருக்கு' என்று நெருக்குவதும், குட்டியைத் தொலைத்த வெள்ளாடு கத்துவதும் அவள் தொண்டைக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எது வேண்டுமோ அதை எழுப்பி அனுப்புவாள்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. ஏமாந்தவர் கண்டுபிடிக்கிற வரை சிரிக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்தாலும் சிரிக்கக் கூடாது. கண்டுபிடித்த அந்த நொடியில் போட்டிருந்த குரலைக் கழற்றி வீசிவிட்டு, சொந்தக் குரலில் சிரிக்க வேண்டும். டீ மாஸ்டர் வேலுச்சாமியிடம் கலெக்டர் குரலில் பேசினாள், அவர் அடுப்படியில் நின்றபடியே சட்டைப் பொத்தானைப் போட்டார். மாமியார் குரலில் பேசினாள், பால் சட்டிக்குப் பின்னால் ஒளிந்தார். கண்டுபிடிக்கவே இல்லை மனுஷன். கடைசியில் அவர் குரலிலேயே கடைக்குப் பின்னாலிருந்து, "இன்னைக்கு எல்லாருக்கும் டீ ஓசி, வாங்கப்பா" என்று கூவினாள். பாய்ந்து வெளியே வந்தார் பாருங்கள், அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் கடைப் பலகையில் இருந்த வடை உருண்டது. இது அந்தச் சிரிப்பு இல்லை. அது இன்னும் வரவில்லை.

கரியேந்தலில் மண்ணைத் தோண்டினால் பென்சில்கரி வரும். ஊர்ச் சுவரில் மாடு உரசினால் மாட்டின் விலாவில் வெள்ளிக் கோடு விழும். அந்தக் கரியைத் தேடிக்கொண்டுதான் சிவசைலம் சார் வந்தார், நெல்லைப் பக்கத்துக்காரர், தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியம் தொடங்க மாட்டார், 'பார்த்தீங்கன்னா' சொல்லாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார். ஊரில் ஏசியும் ஜெனரேட்டரும் இருந்த ஒரே கட்டடம் ரயில்வே கேட்டை ஒட்டின கல்யாண மண்டபம் என்பதால் அவருடைய கம்பெனி அதை வாடகைக்கு எடுத்தது. அங்கே உட்கார்ந்து ஊர்க்கரியில் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தார், உரித்து வந்ததை இன்னொரு டேப்பில் ஒட்டி உரித்தார், உரித்து உரித்துக் கடைசியில் அதற்கு மேல் உரிக்க ஒன்றுமில்லை என்கிற ஒற்றை அடுக்கில் வந்து நின்றார், அது அணுவின் தடிமன் என்றார், அதை வைத்து நகத்தளவு ஒரு சில்லு செய்தார். அது பேசுவதற்குத் தன் குரலையே பதிந்து கொடுத்தார்.

"அதாவது பார்த்தீங்கன்னா," என்று ஊரைக் கூட்டி விளக்கினார். "இத்தனை வருஷமா கம்ப்யூட்டருக்கு மூளையா இருந்தது சிலிக்கான். மணல்ல இருந்து வர்றது. அதை இன்னும் எவ்வளவுதான் சின்னதாக்குறது, சூடாகுது, தடுமாறுது, பார்த்தீங்கன்னா. இனிமே உங்க ஊர்க் கரிதான். கிராஃபீன். இதுக்குள்ள மின்சாரம் ஓடுற ஓட்டத்தை எதுவும் புடிக்க முடியாது. ஒரே ஒரு சிக்கல். சிலிக்கானுக்கு ஒரு கதவு இருக்கு. திறந்தா ஒண்ணு, மூடினா பூஜ்யம். ஆமான்னும் சொல்லும், இல்லைன்னும் சொல்லும். கிராஃபீனுக்குக் கதவே கிடையாது. எப்பவும் திறந்தே கிடக்கும். நாங்க அதுல சின்னதா ஒரு கதவு வெச்சிருக்கோம், பார்த்தீங்கன்னா. அதனால திறப்பு விழா அன்னைக்கு மொதல்ல அணைச்சுப் பார்த்துட்டுத்தான் போடணும்."

திருவிழாவுக்குக் காப்புக் கட்டின மறுநாள் திறப்பு விழா. மணவறையில், மாப்பிள்ளை உட்காருகிற இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் சில்லு, பெட்டிக்குக் கதம்ப மாலை, பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி. சிவசைலம் சார் செருமிக்கொண்டு, "மொதல்ல அணைக்கிறோம்," என்றதும் பஞ்சாயத்துத் தலைவி ராக்காயி எழுந்துவிட்டாள்.

"என்ன சார் பேசுறீங்க? நல்ல நேரத்துல மொதக் காரியமா அணைக்கிறதா? வீட்டுல விளக்கேத்துறப்ப மொதல்ல ஊதி அணைச்சுப் பாத்துட்டா ஏத்துறோம்?"

"இல்லம்மா, பார்த்தீங்கன்னா, இது சோதனை..."

"எரியட்டும் சார் மொதல்ல. அணைக்கிறத அப்புறம் மெதுவாப் பாத்துக்கலாம். ராகு காலம் வேற நெருங்குது. என்னங்கடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, குலவையப் போடுங்கடி!"

குலவை எழுந்தது. குலவைக்கு முன்னால் எந்த விஞ்ஞானம் நிற்கும்? சார் ஒரு பெருமூச்சு விட்டு, மைக்கைப் பிடித்து, "போடுறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டே ரெண்டு நிமிஷம் பேசிடறேன்," என்று தொடங்கினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ராக்காயி கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கி, கெட்டிமேளம் முழங்க, அவளே சுவிட்சைப் போட்டாள்.

சில்லு எரிந்தது. எரிந்தது எரிந்ததுதான். அந்த நொடியில் கரியேந்தலில் எது எது நடந்துகொண்டிருந்ததோ அது அது அதன்பிறகு நிற்கவில்லை.

கெட்டிமேளம் நிற்கவில்லை. சாரின் பேச்சு நிற்கவில்லை. வேலுச்சாமி மேல் டம்ளரிலிருந்து கீழ் டம்ளருக்கு ஆற்றிக்கொண்டிருந்த டீ ஊற்றிக்கொண்டே இருந்தது, மேல் டம்ளர் காலியாகவில்லை, கீழ் டம்ளர் வழிந்து, மேஜை வழிந்து, தெருவில் ஓடியது. தையல்கடை இப்ராகிம் பாய்க்கு அப்போது ஒரு தும்மல் வந்துகொண்டிருந்தது, அது வந்துகொண்டே இருந்தது, மூக்கு விரிந்து, வாய் பாதி திறந்து, கண் சொருகி, இதோ, இதோ என்று நின்றார். கேட் மூடியிருந்தது, கேட்டின் குறுக்கே ஒரு கூட்ஸ் ரயில் போய்க்கொண்டிருந்தது, அது போய்க்கொண்டே இருந்தது, பெட்டிக்குப் பின்னால் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் பெட்டி, கடைசிப் பெட்டி என்று ஒன்று வரவே இல்லை. ஊரின் இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் கண்மாய், வெளியே போக இருந்த ஒரே வழி அந்தக் கேட். ஊர் அடைபட்டது.

சுவிட்சை அணைத்தார்கள், அணையவில்லை. ஒயரை வெட்டினார்கள், வெட்டின ஒயர் இரண்டு பக்கமும் தொங்க அது பாட்டுக்கு எரிந்தது. போனில் கம்பெனிக்காரர்கள் சொன்னதையெல்லாம் செய்தார்கள். அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால் ஊர் பழகிக்கொண்டது.

டீ ஓடுகிறதே என்று அழுத வேலுச்சாமி அதற்கு வாய்க்கால் வெட்டிவிட்டார், குடத்தோடு வந்து பிடித்துப் போனார்கள், குழந்தைகள் தண்ணீர் கேட்பதை விட்டுவிட்டன. மேளக்காரர்களுக்கு மதினிமார்கள் முறை வைத்துச் சோறு ஊட்டினார்கள், ஆரம்பத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்ட ஊர் பின்னால் அந்தச் சத்தம் இல்லாமல் தூங்க மாட்டேன் என்றது. சாரின் பேச்சு நடந்துகொண்டே இருந்ததால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அவர் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள், வாத்தியார் வீட்டில் நிம்மதியாகக் கத்தரிச்செடிக்குப் பாத்தி கட்டினார். வெளியூர் வியாபாரிகள் ரயிலுக்கு மேலாக வெங்காய மூட்டையை வீசினார்கள், இங்கிருந்து நிலக்கடலை மூட்டை அங்கே போனது, குறி தப்பி விழுந்த மூட்டைகள் பெட்டிக் கூரையில் ஏறி எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. சாயங்காலமானால் ஜனம் கோரைப்பாயோடு வந்து கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ரயிலைப் பார்த்தது. இப்ராகிம் பாயைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "வந்துருச்சா பாய்?" என்று கேட்டார்கள். அவர் பாதி வாயால், "இந்தா... வருது... மாப்ளே..." என்றார்.

சில்லு இருக்கிறதே, அது எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்றது. சாரின் குரலில், செருமிக்கொண்டு, "ஆமாம்." மழை வருமா? ஆமாம். என் மகளுக்கு வரன் அமையுமா? ஆமாம். இப்படி ஒரு வாக்கைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும், தேங்காய் உடைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் பங்காளிகள் இரண்டு பேர் வந்தார்கள். இந்த வரப்பு என்னுதுதானே? ஆமாம். இல்லய்யா, என்னுதுதானே? ஆமாம். மண்டபத்துக்குள்ளேயே வேட்டியை மடித்துக் கட்டினார்கள். "இல்லைன்னு சொல்லித் தொலை," என்று ராக்காயி கத்தினாள். "ஆமாம்," என்றது சில்லு.

சரி, பூங்கோதை எங்கே என்று கேட்கிறீர்கள். சிரிப்பு எங்கே என்றும் கேட்கிறீர்கள். ரெண்டும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தன.

சுவிட்ச் போட்ட நொடியில் அவள் மண்டபத்தின் பின்பக்கம், சமையல்கட்டு வாசலில், போனோடு நின்றுகொண்டிருந்தாள். திருவிழாவுக்கு வந்த பஞ்சவர்ணம், பஸ் கேட்டில் நின்றதும், "கிட்ட வந்துட்டேண்டி, ரயிலு போனதும் வீடுதான்" என்று சொல்லக் கூப்பிட்டாள். ஒரு வருஷம் பார்க்காத அம்மா. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் கை அரித்தது, தொண்டை அதைவிட அரித்தது. செருமிக்கொண்டு எடுத்தாள்.

"ஹலோ, நான் சிவசைலம் பேசறேன். உங்க பொண்ணு பூங்கோதை, பார்த்தீங்கன்னா, எங்க சில்லை உடைச்சுட்டா."

"ஐயையோ சார்! மன்னிச்சிருங்க சார், சின்னப் புள்ள சார்..."

அந்த இடத்தில்தான் சுவிட்ச் விழுந்தது.

அந்த அழைப்பு அறுபடவில்லை. அவள் தொண்டையில் சாரின் குரல் நின்றுவிட்டது, அதைக் கழற்ற முடியவில்லை, சித்தியிடம் பழைய சோறு கேட்டாலும் அந்தக் கட்டைக் குரலில், செருமிக்கொண்டுதான் கேட்டாள். சித்தி முதலில் அடித்தாள், அப்புறம் தன்னை அறியாமல், "இந்தாங்க சார், துவையல் வெச்சுக்கங்க" என்றாள். ஊரில் ஒரே குரலில் மூன்று பேர் ஆனார்கள், மேடையில் பேசுகிற சார், கண்ணாடிக்குள் ஆமாம் சொல்கிற சார், பாவாடை தாவணியில் ஒரு சார். பாவாடை சாரைக் கண்டால் வேலுச்சாமிகூட எழுந்து நின்றார், நின்றபிறகுதான் யார் என்று உறைத்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி வேறே. அந்த நொடியில் பஞ்சவர்ணம் ஏமாந்துகொண்டிருந்தாள். அதுவும் நிற்கவில்லை.

ரயிலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். பஸ்ஸில் வந்த மற்றவர்கள் நாலு நாள் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார்கள், திருப்பூரிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை, கேட்டோரம் சாக்கு விரித்து, அங்கே முளைத்த இட்லிக் கடையில் பாத்திரம் தேய்த்து, போனைக் காதிலிருந்து எடுக்காமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் அவளுடைய மஞ்சள் சேலை ஒரு மின்னல் மின்னும், மறையும், மின்னும்.

"சார், என் பொண்ணு அங்கிட்டு நிக்கிறா சார்," என்பாள் போனில். "கேட்டுக்கிட்ட. அவளும் போனும் கையுமாத்தான் நிக்கிறா. யாருகிட்ட பேசுறாளோ தெரியல சார்."

"அம்மா, உங்கிட்டதாம்மா பேசுறேன்! நான் கோதைம்மா!" என்பாள் பூங்கோதை, கட்டைக் குரலில்.

"நீங்க நல்லவர் சார். வருத்தத்துல இருக்கிறவள சிரிக்க வைக்கப் பாக்குறீங்க."

ஒருநாள் அட்டையில் கொட்டை எழுத்தில் 'அம்மா நான்தான்' என்று எழுதித் தலைக்கு மேல் பிடித்தாள். போனில் அம்மா ஆசையாகச் சொன்னாள்: "நான்தான்னு எழுதிப் புடிக்கிறா பாருங்க சார். எனக்குத் தெரியாதாக்கும், அவதான்னு. விளையாட்டுப் புள்ள சார். நீங்க மன்னிச்சு விட்டுருங்க சார்."

"மன்னிச்சுட்டேம்மா. ஆமாம்மா, மன்னிச்சுட்டேன்."

"பெரிய மனசு சார். இருந்தாலும் மன்னிச்சிருங்க சார்."

இப்படியே. அம்மா பிறத்தியாரிடம் மகளைப் பற்றி என்ன பேசுவாளோ அதையெல்லாம் மகள் சாராக இருந்து கேட்டாள். பனியன் கம்பெனியில் இடைவேளை மணி அடித்தால் மற்றவர்கள் சாப்பிட ஓடுவார்களாம், பஞ்சவர்ணம் மகள் போனில் அனுப்பிய வெள்ளாட்டுக் குரலைப் போட்டு எல்லாருக்கும் கேட்கவிடுவாளாம். "அவ எல்லாரு மாதிரியும் பேசுவா சார். ஆனா அவ மாதிரி அவ பேசிக் கேட்டு ஒரு வருஷமாச்சு. போன் போட்டா நர்ஸம்மா எடுப்பாங்க, கண்டக்டர் எடுப்பாரு. அவ எப்ப எடுப்பான்னுதான் நான் காத்துக்கிட்டே இருப்பேன் சார்."

பூங்கோதை அன்றைக்கு டீ வாய்க்காலோரம் உட்கார்ந்து அழுதாள். அழுகையும் செருமலோடுதான் வந்தது. எதிரே இப்ராகிம் பாய் தும்மலுக்கு நடுவில் அவளைப் பார்த்தார்.

"அழாதீங்க... சார்," என்றார்.

"போங்க பாய்!"

அவளுக்கு அந்த யோசனையைக் கொடுத்தது மேடைச் சார்தான். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்தபோது, முடியாத பேச்சின் ஏதோ ஒரு முடுக்கில் அவர் சொல்லிக்கொண்டு போனார்: "...இல்லைங்கிறதை அதுக்கு வெளியில இருந்து ஊட்ட முடியாது, பார்த்தீங்கன்னா, அதுக்கா உள்ள இருந்து தோணணும், தோணிட்டா கதவு தானா மூடிக்கும், பார்த்தீங்கன்னா, அடுத்ததா..."

தானா எப்போது ஒருத்தருக்கு 'இல்லை' என்று தோன்றும்? அவளுக்குத் தெரியாதா, அதுதானே அவள் தொழில்! ஏமாந்தவர் கண்டுபிடிக்கிற நொடியில் முகத்தில் முதலில் வருவதே அதுதான். சில்லை ஏமாற்ற வேண்டும். ஏமாற்றி, அதுவே கண்டுபிடிக்கும்படி விட வேண்டும்.

ஓடிப்போய் மணவறை முன்னால் நின்றாள். "நான் கலெக்டர்," என்றாள். ஆமாம் என்றது. "நான் வெள்ளாடு." ஆமாம். "நீ ஒரு இட்லிக் குண்டான்." ஆமாம். இதைவிட லேசாக ஏமாறுகிற ஆளை அவள் பார்த்ததில்லை, ஏமாந்து ஏமாந்து அடி ஆழமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வேலுச்சாமியை நினைத்தாள். கலெக்டர் குரலில் அவர் கண்டுபிடித்தாரா? இல்லை. தன் குரல் தனக்கு வெளியே கேட்டபோதுதான் பாய்ந்து வந்தார்.

சில்லின் குரல் எது? சாரின் குரல். தன் தொண்டையில் மாட்டிக்கொண்டிருப்பது எது? அதேதான். சிறைச் சாவி இத்தனை நாளும் சிறைக்குள்ளேயே தொங்கியிருக்கிறது.

ராக்காயியிடம் சொன்னாள். ராக்காயி ஊரிடம் சொன்னாள். "யாரும் சிரிக்கக் கூடாது," என்பது ஒன்றுதான் நிபந்தனை. "சிரிச்சா காரியம் கெட்டுரும். அது கண்டுபுடிக்கிற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கங்க."

மணவறையின் வாழைமரத்துக்குப் பின்னால், மாலைகளுக்குள், பூங்கோதை போனோடு உட்கார்ந்தாள். ஊர் வரிசையில் வந்து கேள்வி கேட்டது, சில்லு வாய் திறப்பதற்கு ஒரு மயிரிழை முன்னால் அவள் செருமி, "ஆமாம்" என்றாள். சில்லு திகைத்து ஒருமுறை மினுக்கிவிட்டு, சொன்னது தான்தான் என்று நம்பிச் சும்மா இருந்தது. நாள் போகப் போக அது பேசுவதையே விட்டுவிட்டது. அதன் ஆமாம் எல்லாம் அவளே சொன்னாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினாள். "ஆமாம், மழை வரும், கூடவே முறுக்கும் வரும்." சில்லு சும்மா இருந்தது. "மணவறையில உக்கார வெச்சு எவ்வளவு நாளாச்சு, பொண்ணு எங்கய்யா, மோதிரம் எங்கய்யா?" சில்லு சும்மா இருந்தது. ஊர் முழுக்கக் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு நின்றது, ராக்காயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனாள். ஆனால் சிரிப்பு வரவில்லை. வரக் கூடாது. சில்லு கண்டுபிடிக்கவில்லையே.

மணவறைப் பூ வாடி, புதுப் பூ மாற்றி, அதுவும் வாடியது. பூங்கோதைக்குப் பயம் வந்தது. இந்தக் குரலிலேயே வயசாகிவிடுவோமோ. அம்மா அந்தச் சாக்கிலேயே கிழவியாகி, மன்னிச்சிருங்க சார், மன்னிச்சிருங்க சார் என்று, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே நரைத்துப் போவாளோ.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலுச்சாமி தன் குரலைக் கேட்டதற்காக மட்டும் பாய்ந்து வரவில்லை. தன் குரல், தான் செத்தாலும் சொல்லாததைச் சொன்னது. ஓசி டீ! முறுக்கும் மோதிரமும் சில்லுக்கு உறுத்தவில்லை, எதற்கும் சரி என்கிற ஜென்மம் அது. அது செத்தாலும் சொல்லாதது ஒரே ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையை யாரோ ஒருத்தர் கேட்ட கேள்விக்குப் பதிலாக, நிஜமாகவே நெஞ்சில் போய்க் குத்துகிற மாதிரி சொல்ல வேண்டும். விளையாட்டாகச் சொன்னால் அது இன்னொரு முறுக்காகிப் போகும்.

நிஜமாகக் கேட்கிறவள் ஒருத்தி போனில் இருந்தாள்.

பூங்கோதை போனின் ஒலிபெருக்கியைப் போட்டு, கண்ணாடிப் பெட்டியை ஒட்டி வைத்தாள். அம்மா எப்போதும் போலக் கேட்டாள், நல்ல தெளிவாக: "சார், என் பொண்ண மன்னிச்சுட்டீங்களா சார்?"

பூங்கோதை செருமினாள்.

"இல்லை," என்றாள்.

அந்தப் பக்கம் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு, "என்ன சார்?"

"இல்லை. மன்னிக்கலை. மன்னிக்கவும் மாட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க சார்... ஐயா, இத்தனை நாளா மன்னிச்சுட்டேன்னுதான சார் சொன்னீங்க... ஐயா சாமி..." பஞ்சவர்ணம் உடைந்து அழுத அழுகை ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கப் பரவியது. மேளக்காரரின் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்க அவருக்குக் கை காலியில்லை. பூங்கோதை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சில்லு மினுக்கியது. "ஆ..." என்றது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அது வாயைத் திறந்திருக்கிறது. "ஆ... மா..." மறுபடி மினுக்கியது. அதற்கு எங்கேயோ உறுத்தியது.

ராக்காயி முந்தானையை உதறிக்கொண்டு மணவறைமேல் ஏறினாள். கோயில் வாசலில் வாக்குக் கேட்கிற மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏப்பா, ஒரு தாய் இப்படிக் கெஞ்சுறா. இல்லைன்னு சொன்னியே, அது நீதானா?"

சில்லு பதில் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும் கேட்டு முடிக்கும் முன்னால் ஆமாம் என்ற அது, இப்போது பதில் சொல்லவில்லை. மேடையில் சாரின் குரல் பேசிக்கொண்டிருந்தது, வாழைமரத்துக்குப் பின்னால் சாரின் குரல் விம்மிக்கொண்டிருந்தது, சில்லு இரண்டையும் கேட்டது, தன் குரலைத் தனக்கு வெளியே கேட்டது, அத்தனை நாளின் முறுக்கையும் மோதிரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துப் பார்க்கிற மாதிரி மினுக்கி மினுக்கி, கடைசியில் செருமாமல், மெல்ல, தனக்கே புதுசாக இருக்கிற ஒரு சொல்லை எடுத்துப் பார்க்கிற மாதிரிச் சொன்னது:

"அது... நான்... இல்லை."

சொன்னதும் அணைந்தது.

கெட்டிமேளம் கடைசித் தட்டுத் தட்டி நின்றது. வேலுச்சாமியின் மேல் டம்ளரில் ஒரு சொட்டு தொங்கி விழுந்தது, அவ்வளவுதான். மேடையில் சார், "இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன், நன்றி, வணக்கம்" என்று சொல்லி அப்படியே நாற்காலியில் சரிந்து தண்ணீர் கேட்டார், பழக்க தோஷத்தில் யாரோ டீ கொடுத்தார்கள். தையல்கடையிலிருந்து இப்ராகிம் பாய் தும்மினார், அந்தத் தும்மலில் மண்டப வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணம் ஆடியது.

பூங்கோதை போனைக் காதில் ஒட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கேட்டின் குறுக்கே, முதுகில் பெரிய பெருக்கல் குறி போட்ட கடைசிப் பெட்டி, கார்டு பச்சைக் கொடியை ஆட்ட ஆட்டப் போய்க்கொண்டிருந்தது, போனது, போயேவிட்டது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் முழுசாக, நடுவில் பெட்டி எதுவும் குறுக்கே வராமல், மஞ்சள் சேலையில் அம்மா நின்றாள். முன்னைக்கு இளைத்திருந்தாள். போன் காதில்தான் இருந்தது.

"அம்மா," என்றாள் பூங்கோதை.

கீச்சென்று, துருப்பிடித்து, நடுங்கிக்கொண்டு வந்தது அது. ஆனால் செருமல் இல்லை.

"சார்..." என்று தொடங்கினாள் பஞ்சவர்ணம். தொடங்கி, நிறுத்தினாள். காதிலிருந்து போனை எடுத்து அதைப் பார்த்தாள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் போனும் கையுமாக நிற்கிற மகளைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். கண் சுருங்கியது, புருவம் ஏறியது, வாய் மெல்லத் திறந்தது, ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்ட மன்னிப்பெல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி நடந்து போனது. கேட் கம்பி கிரீச்சிட்டு மேலே எழுந்தது. இடுப்பில் சேலையைச் செருகினாள், இட்லிக் கடைக்காரியின் விளக்குமாற்றை எடுத்தாள், போன் வேண்டாத சத்தத்தில் கத்தினாள்:

"அடியேய் கோதை! நீதானாடி அந்தச் சாரு!"

பூங்கோதை மண்டபத்துச் சுவரில் சாய்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வந்தது.